போட்டோடையோடின் துளி மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்றும் வழி

என் அண்ணன் மகள் விரலில் மாட்டும் நாடித்துடிப்பு சென்சார் ஒன்று செய்கிறாள். விரலைக் கடந்து வரும் ஒளியைப் பிடிப்பது போட்டோடையோடு, அதாவது ஒளி பட்டால் சிறு மின்னோட்டம் தரும் பாகம். "சித்தப்பா, போட்டோடையோடையும் ஒரு ரெசிஸ்டரையும் நேரா ஆர்டுயினோவுல சொருகினா போதாதா?" என்றாள். (ஆர்டுயினோ என்பது புரோகிராம் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை.) வெளிச்சம் இருக்கா இல்லையா என்று பார்க்க அது போதும். துடிப்பை அளக்கப் போதாது.

பிபிடபிள்யூ34 (BPW34) என்ற போட்டோடையோடு 1000 லக்ஸ் வெளிச்சத்தில் சுமார் 70 மைக்ரோ ஆம்பியர் தரும். விரலைக் கடந்து வரும் ஒளியில் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதிலும் துடிப்பால் ஏறி இறங்குவது ஒன்றிரண்டு சதவீதம்தான். 1 மைக்ரோ ஆம்பியரை 1 வோல்ட்டாக்க 1 மெகாஓம் வேண்டும். டையோடுக்குள்ளேயே 70 பிக்கோஃபாரட் அளவு கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) உண்டு. வெறும் ரெசிஸ்டர் போட்டால் மின்னோட்டம் முதலில் அதை நிரப்பியாக வேண்டும், வேகம் சுமார் 2 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும். போதாததற்கு, வோல்டேஜ் ஏற ஏற டையோடு தன் மின்னோட்டத்தைத் தானே தின்னத் தொடங்கும்.

அதனால்தான் நடுவே ஒரு ஆப்-ஆம்ப் (பிளஸ், மைனஸ் என இரண்டு உள்ளீடுகள் கொண்ட பெருக்கி) வேண்டும். அது இங்கே செய்வது ஒரே வேலை: டையோடின் வோல்டேஜை அசைய விடுவதில்லை. மைனஸ் உள்ளீடு மின்னோட்டத்தை ஏற்காது. அதனால் டையோடின் மின்னோட்டம் முழுவதும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் (வெளியீட்டையும் மைனஸ் உள்ளீட்டையும் இணைப்பது) வழியாகத்தான் போக வேண்டும். அதற்குத் தேவையான வோல்டேஜை வெளியீடு கொடுக்கிறது. மின்னோட்டத்தை ரெசிஸ்டரால் பெருக்கினால் விடை.

எல்எம்358 (LM358) வகை ஆப்-ஆம்ப் வேண்டாம். சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்தான், ஆனால் அதன் உள்ளீட்டு மின்னோட்டமே பத்துக்கணக்கான நானோ ஆம்பியர். 20 நானோ என்றாலே 1 மெகாஓமில் 20 மில்லிவோல்ட் பிழை. இரண்டு ஆப்-ஆம்ப் அடங்கிய எம்சிபி6002 (MCP6002) சிப் என்றால் 1 பிக்கோ ஆம்பியர் அளவுதான்.

டையோடின் கேத்தோடு (மைனஸ் முனை) சிப்பின் 2ஆம் காலுக்கு (மைனஸ் உள்ளீடு), ஆனோடு (பிளஸ் முனை) கிரவுண்டுக்கு. 1ஆம் காலுக்கும் (வெளியீடு) 2ஆம் காலுக்கும் நடுவே 1 மெகாஓம். 3ஆம் காலை (பிளஸ் உள்ளீடு) நேரே கிரவுண்டில் கட்டாதீர்கள். வெளியீடு சரியாகப் பூஜ்ஜியம் வரை இறங்காது. 5 வோல்ட்டை 47 கிலோஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து, வரும் 0.1 வோல்ட்டை அங்கே கொடுங்கள். சிப்பில் பயன்படாமல் மீதமுள்ள இன்னொரு ஆப்-ஆம்பில் 6ஐயும் 7ஐயும் சேர்த்து, 5ஐ அதே 0.1 வோல்ட்டில் கட்டிவிடுங்கள்.

அப்புறம், பலர் விட்டுவிடும் அந்தக் குட்டி கெபாசிட்டர். அது இல்லாவிட்டால் டையோடின் கெபாசிட்டன்ஸ் ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்தி, சுற்று தானாகவே 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஆடத் தொடங்கும். மல்டிமீட்டர் அதைச் சராசரியாக்கி நல்ல பிள்ளை மாதிரி ஒரு எண்ணைக் காட்டும். ஆசிலாஸ்கோப்பில்தான் குட்டு வெளிப்படும். கணக்கு இப்படி: மொத்த உள்ளீட்டு கெபாசிட்டன்ஸை (80 பிக்கோ என்று வைப்போம்) 2π, ரெசிஸ்டர், ஆப்-ஆம்பின் கெயின்-பேண்ட்விட்த் (அதன் வேகத்தைக் குறிக்கும் எண், இதற்கு 1 மெகாஹெர்ட்ஸ்) மூன்றின் பெருக்கலால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 3.6 பிக்கோ வரும். கடையில் கிடைக்கும் 4.7ஐ ரெசிஸ்டருக்கு இணையாகப் போடுங்கள். 34 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும், நாடிக்கு ஏகப்பட்டது.

சாலிடர் இல்லாமல் சொருகும் பிரெட்போர்டின் பக்கத்து வரிசைகளே சில பிக்கோஃபாரட் சேர்த்துவிடும். அதனால் சாலிடர் போர்டுதான் சரி. அதிலும் நான் 2ஆம் காலை மேலே வளைத்து, டையோடு, ரெசிஸ்டர், கெபாசிட்டர் மூன்றையும் காற்றிலேயே சாலிடர் செய்வேன். பார்க்க அசிங்கம்தான். ஆனால் விடிகாலையில் 90 சதவீதம் தாண்டும் நம்மூர் ஈரப்பதத்தில், சாலிடர் செய்ததும் போர்டில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பசை வழியாக நானோ ஆம்பியர்கள் கசியும். காற்றில் கசியாது.

முடித்ததும் டையோடைக் கறுப்பு டேப்பால் மூடி வெளியீட்டை அளந்து பாருங்கள். 3ஆம் காலில் உள்ள அதே 0.1 வோல்ட் வர வேண்டும். 20 மில்லிவோல்ட் தள்ளியிருந்தால் 20 நானோ ஆம்பியர் எங்கோ ஒழுகுகிறது: ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்தி, மறுபடி அளங்கள். டேப்பை எடுத்ததும் 100 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது மேலே எரியும் டியூப்லைட்.