லிவிங் வில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா? கடைசிக் கால ஏற்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தீராத நோய் வந்து நினைவும் போய்விட்டால், மருந்து கொடுத்து என்னை அனுப்பிவிடுங்கள்" என்று லிவிங் வில்லில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலான இடங்களில் அந்த வரி செல்லாது. நீங்கள் பேச முடியாமல் போன பிறகு வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் வழி உணவு போன்றவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் லிவிங் வில். மருத்துவ உதவியோடு இறப்பதற்கான சட்டம் முற்றிலும் வேறு. அதில் கேட்கும் நேரத்தில் உங்கள் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், நீங்களேதான் கேட்கவும் வேண்டும்.

அமெரிக்காவில் 1997ல் நடைமுறைக்கு வந்த ஓரிகான் மாநிலச் சட்டத்தைப் பார்த்துத்தான் மற்ற மாநிலங்கள் எழுதின. அதன்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் இறப்பு வரும் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், வாய்மொழியாக இருமுறையும் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் ஒருமுறையும் கேட்க வேண்டும், மருந்தையும் தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். மகனோ மகளோ, பவர் பத்திரம் வைத்திருப்பவரோ உங்களுக்காகக் கேட்க முடியாது. மறதிநோய்க்காரர்கள் இதனால்தான் வெளியே நிற்கிறார்கள்: ஆறு மாதக் கணக்கு வருவதற்குள் தெளிவு போய்விடுகிறது, தெளிவு இருக்கும்போது கணக்கு வருவதில்லை. இந்த நோய்க்குப் பயந்துதான் பலரும் இந்தச் சட்டத்தையே தேடுகிறார்கள் என்பதால், இதை முன்பே தெரிந்துகொள்வது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நெதர்லாந்தில் நிலைமை வேறு, அங்கே முன்கூட்டி எழுதிய கோரிக்கைக்கும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் கடுமையான நிபந்தனைகளோடு.

அடுத்தது, தள்ளிப்போடுவது. "ரொம்ப முடியாமல் போகும்போது பார்த்துக்கலாம்" என்று இருந்தால், மருத்துவர்களைத் தேடி, காத்திருப்பு நாட்களைக் கடந்து, மருந்து கைக்கு வருவதற்குள் விழுங்கும் சக்தியோ நினைவோ போய்விடலாம். மருந்து வாங்கினால் குடித்தே ஆக வேண்டும் என்றும் பயப்பட வேண்டாம். வாங்கி வைத்து, குடிக்காமலே இயல்பாக இறந்தவர்கள் கணிசமாக உண்டு.

எந்த மருத்துவமனையும் செய்யும் என்று நம்புவதும் தவறு. மருத்துவர் மறுக்கலாம், மத நிறுவனங்கள் நடத்தும் பல மருத்துவமனைகள் முழுமையாகவே விலகி நிற்கின்றன, அமெரிக்காவில் மத்திய அரசுப் பணத்தை இதற்குச் செலவிட 1997லிருந்தே தடை இருக்கிறது. அதனால் நோய் உறுதியான உடனேயே "நீங்கள் இதில் உதவுவீர்களா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வேறு ஊருக்குப் போய் முடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்ற குடியிருப்பு விதியைப் பாருங்கள். ஓரிகானும் வெர்மான்ட்டும் 2023ல் அதை நீக்கின, பெரும்பாலான மாநிலங்கள் நீக்கவில்லை.

இந்தியாவில் மருந்து கொடுத்து இறக்க உதவுவது சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் 2018ல் அனுமதித்தது உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதையும் தொடங்காமல் விடுவதையும்தான். லிவிங் வில்லில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும் என்றிருந்த நடைமுறையை 2023ல் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியும் போதும் என்றார்கள். அப்புறம் சிகிச்சையை நிறுத்தும் நேரத்தில் மருத்துவமனையில் மூன்று பேர் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொத்துக்கான பவர் பத்திரம் மருத்துவ முடிவுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள், அது தனி. உயிலையும் லிவிங் வில்லையும் ஒன்றாக்காதீர்கள். உயிலைத் திறக்கும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் லிவிங் வில்லைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. அமெரிக்கா போன்ற இடங்களில் அவர்களை நிறுத்துவது மருத்துவர் கையெழுத்திட்ட டி.என்.ஆர். (இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம்) போன்ற உத்தரவுதான். அது இல்லாவிட்டால் நெஞ்சை அமுக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் கடமை.

எல்லாவற்றையும் விட அதிகம் கெடுப்பது, ஆவணத்தை வங்கி லாக்கரில் பூட்டி வைப்பதும், நீங்கள் பேச முடியாதபோது உங்களுக்காக முடிவெடுக்க நியமித்தவரிடம் வாயே திறக்காமல் இருப்பதும்தான். மூத்தவர் என்பதற்காக மூத்த மகனை நியமிக்காதீர்கள். மருத்துவமனை நடைபாதையில் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே" என்று கேட்கும்போது உங்கள் விருப்பத்தைச் சொல்லத் துணிவுள்ளவர் யாரோ அவரை நியமியுங்கள், அவருக்கு மாற்றாக இன்னொருவரையும் எழுதுங்கள். "செயற்கையாக உயிர் நீட்டிக்க வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். நிமோனியா வந்து பத்து நாள் வென்டிலேட்டரில் இருந்தால் பிழைக்க வாய்ப்பு என்றால் சரியா, யாரையும் அடையாளம் தெரியாத நிலையில் குழாயில் உணவு வேண்டுமா என்று சூழ்நிலையோடு எழுதுங்கள். பிரதியைக் குடும்ப மருத்துவரிடமும் நியமித்தவரிடமும் இப்போதே கொடுங்கள். விவாகரத்து, புதிய நோய், நியமித்தவரின் மரணம் என்று ஏதாவது நடந்தால் திருத்தி எழுதி, பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.