ஆறாத கால்புண்ணுக்கான மருத்துவ ஆய்வில் சேர்வது எப்படி: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், நீரிழிவால் வந்த கால்புண்ணுக்கு வாரக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவராவது இல்லாத வரிசை வீடுகள் குறைவு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே, “புதிய மருந்து ஒன்றை ஆய்வு செய்கிறோம், சேர்கிறீர்களா?” என்ற கேள்வி ஒருநாள் உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் கேட்கப்படலாம். அப்போது என்ன கேட்பது, எதைச் சரிபார்ப்பது, எதற்கு ஆயத்தமாக இருப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆய்வு என்பது சிகிச்சைக்கு மற்றொரு பெயர் அன்று. சேர்பவர்களைப் பெரும்பாலும் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புதிய மருந்தும், மற்றொன்றுக்கு வழக்கமான கவனிப்போ மருந்தில்லாத போலிக் களிம்போ கிடைக்கும். எந்தக் குழு என்பதை நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது, மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது. இதன் பொருள் என்னவென்று ஓர் உண்மையான ஆய்வைக் கொண்டு பார்ப்போம். சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்னும் பொருள் சேர்த்த கட்டுத்துணியை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 240 பேரிடம் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பொருள் உள்ள துணியைப் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு 20 வாரத்தில் புண் மூடியது. அது இல்லாத அதே வகைத் துணியைப் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கு மூடியது. புதிய துணி பலன் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதைப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்தக் காலத்துக்குள் புண் ஆறவில்லை. அதைப் பெறாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நல்ல கவனிப்பாலேயே ஆறியது. சேர்வதற்கு முன் இந்த இரண்டு பக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, “புதிய மருந்து கிடைக்காத குழுவில் விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?” என்பதுதான். இறந்த சதையை அகற்றுவது, கிருமித்தொற்றைக் கட்டுப்படுத்துவது, காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது, சர்க்கரையைக் குறைப்பது, புண்மீது உடலின் பாரம் விழாமல் தடுப்பது ஆகிய ஐந்தும் இரு குழுவினருக்கும் கிடைக்க வேண்டும். இவை இப்போதே உங்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லையென்றால், ஆய்வைத் தேடிப் போகுமுன் இவற்றைக் கேட்டுப் பெறுங்கள் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக, நான்கு வாரம் கட்டு மாற்றியும் புண்ணின் பரப்பு பாதியளவு குறையாவிட்டால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும்படி கிளினிக்கில் தயங்காமல் கேட்கலாம்.

ஆய்வு எங்கே நடக்கிறது என்று அறிய, கட்டு மாற்றும் தாதியிடமும் மருத்துவரிடமும் கேட்பதே எளிய வழி. நம் வட்டாரத்தினருக்கு அருகில் இருக்கும் பெரிய மருத்துவமனை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அங்கே மருத்துவ ஆய்வு மையமும் இயங்குகிறது. வீட்டில் கணினி பழகிய பிள்ளை இருந்தால், அமெரிக்க அரசு நடத்தும் கிளினிக்கல் டிரையல்ஸ் பதிவேட்டில் மலேசியா என்றும் நீரிழிவுக் கால்புண் என்றும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடச் சொல்லலாம். ஓர் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டால், அது தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்ததா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா என்று விசாரியுங்கள். மலேசியாவில் இன்னும் பதிவு பெறாத மருந்தாக இருந்தால், அதை ஆய்வில் பயன்படுத்துவதற்குத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். இந்த விவரங்களைக் கேட்டால் முறையான ஆய்வுக் குழு முகம் சுளிக்காது. “ஆய்வு” என்று பெயர் சூட்டி, ஸ்டெம் செல் ஊசிக்கோ களிம்புக்கோ ஆயிரக்கணக்கான ரிங்கிட் கேட்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

தகுதி பார்க்கும் நாளில் கிளினிக் புத்தகம், மைகார்டு அடையாள அட்டை, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அது வளையும்வரை அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இழை வளைவதைக் கண்ணால் பார்த்தும் காலில் எதுவும் தெரியாதவர்கள் பலர் உண்டு. கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று கொள்வார்கள். பிறகு புண்ணின் ஓரத்தில் சிறு காகித அளவுகோலை வைத்துப் படமெடுப்பார்கள், அல்லது கண்ணாடித்தாளை மேலே வைத்து விளிம்பைப் பேனாவால் வரைந்துகொள்வார்கள். பல ஆய்வுகளில் முதல் இரண்டு வாரம் வழக்கமான கவனிப்பு மட்டுமே தருவார்கள். அதிலேயே புண் வேகமாகச் சுருங்கினால் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். அதற்காக வருந்த வேண்டாம், புண் அந்தக் கவனிப்பிலேயே நல்ல வழியில் போகிறது என்பதே அதன் பொருள்.

அடுத்தது தகவல் தாளும் சம்மதப் படிவமும். நம் பெரியவர்கள் “டாக்டர் சொன்னா சரிதான், எங்கே கையெழுத்துப் போடணும்?” என்று உடனே பேனாவைக் கையில் எடுத்துவிடுவார்கள். அது மரியாதையால் வரும் பழக்கம் என்பதை நான் அறிவேன். ஆனால் இந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, மறுமுறை பதில் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவாகவோ தாத்தாவாகவோ இருந்தால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவரின் முன்னிலையில் எல்லாவற்றையும் வாய்மொழியாக விளக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. மருந்தால் பாதிப்பு வந்தால் செலவை யார் ஏற்பார், காப்புறுதி உண்டா, பயணச் செலவு எவ்வளவு தருவார்கள், இரவில் அழைக்க வேண்டிய எண் எது என்பவற்றைத் தாளில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் வருகிறது. இத்தகைய ஆய்வுகளில் பல மாதங்கள், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஈப்போவுக்குப் போய்வர வேண்டியிருக்கும். நாள் கூலிக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை இழக்க நேரிடும். கையெழுத்திடுமுன் வருகை அட்டவணையைக் கேட்டு வாங்கி, யார் வண்டியில் அழைத்துப்போவது என்பதை வீட்டில் முடிவு செய்துவிடுங்கள். வருகைச் சான்று எழுதித் தருவார்களா என்று கேட்டு, மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டியே பேசிவையுங்கள். வருகைகளில் பாதிக்கு மேல் வர முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால், சேராமல் இருப்பதே உங்களுக்கும் ஆய்வுக்கும் நல்லது.

புண்மீது பாரம் விழக் கூடாது என்று கொடுக்கும் சிறப்புக் காலணியையோ மாவுக்கட்டையோ வீட்டுக்குள்ளும் அணிந்திருக்க வேண்டும். குளியலறைக்குத்தானே என்று வெறுங்காலுடன் நடக்கும் அந்தச் சில அடிகளே முளைத்துவரும் புதிய தோலைக் கிழித்துவிடும். செம்பனைக் காட்டுக்குள் போவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள். ரப்பர் பூட்ஸுக்குள் ஈரம் தேங்கும், மட்டை முள் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டியிருந்தாலும் மரத்துப்போன காலுக்குத் தெரியாது. மஞ்சள், குப்பைமேனிச் சாறு, காமாட் (கடல் அட்டை) எண்ணெய் போன்றவற்றைத் தடவியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் திட்டுவார்களோ என்று மறைத்தால், எது புண்ணை ஆற்றியது, எது புண்ணைக் கிளறியது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். காய்ச்சல், துர்நாற்றம், மேலே பரவும் சிவப்பு, கறுத்துவரும் விரல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வருகைக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆய்வில் சேர்ந்தபோது அட்டை தந்திருந்தால் அதையும் அங்கே காட்டுங்கள்.

புண் மூடிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்து வருகையை நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, நீர் கசியாமல், கட்டும் தேவைப்படாமல், தோல் முழுவதும் மூடியிருப்பதை இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்த பிறகே புண் ஆறியதாகக் கணக்கிடுவார்கள். ஆறிய கால்புண்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஓராண்டுக்குள் மீண்டும் வருகின்றன. ஆகவே கடைசி வருகையன்று, ஆய்வு முடிந்தபின் எந்தக் கிளினிக்கில் காலைப் பார்ப்பார்கள், பொருத்தமான காலணி எங்கே கிடைக்கும் என்று கேட்டு, அடுத்த சந்திப்புத் தேதியைப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.