சிறிய குசினிக்கு மின்சாதனங்களைத் தெரிவுசெய்தல்

மட்டக்களப்பில், குறிப்பாகக் கல்லடிப் பக்கத்து அனெக்ஸ் வீடுகளில், குசினி பெரும்பாலும் இருவர் சேர்ந்து நிற்க முடியாத அளவில்தான் இருக்கும். ஆகவே கடைக்குப் போகுமுன், மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் மட்டுமன்றி, மேலேயுள்ள தட்டு வரையான உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். றைஸ் குக்கரின் மூடி திறக்க இடமில்லையென்றால், ஒவ்வொரு வேளையும் அதை வெளியே இழுத்துத்தான் சோறு போட வேண்டிவரும்.

அடுத்தது, பலரும் மறந்துவிடுகிற பிளக் பொயின்ற். நமது மின்சாரம் 230 வோல்ட் என்பதால், 5 அம்பியர் பொயின்ற் 1,150 வாட் வரைதான் தாங்கும். 700 வாட் றைஸ் குக்கருக்கு அது போதும். 2,000 வாட் கேத்தலோ ஏறத்தாழ 9 அம்பியர் இழுப்பதால், அதை 13 அல்லது 15 அம்பியர் பொயின்றிலேயே செருக வேண்டும். இரண்டையும் ஒரே எக்ஸ்ரென்ஷன் வயரில் மாட்டவே கூடாது.

தேங்காய்ப்பால் எடுக்கவும் மிளகாய் அரைக்கவும், ஈரச் சாடியும் உலர் சாடியும் உள்ள ஒரே பிளெண்டர் போதுமானது. ஜூசர், சொப்பர் என்று தனித்தனியே வாங்குவது, என் பார்வையில், தூசி பிடிக்கத்தான் உதவும்.

கடற்காற்றில் மலிவான இரும்புப் பாகங்கள் விரைவில் துருப்பிடிக்கும். அடித்தட்டையும் திருகாணிகளையும் புரட்டிப் பார்த்தே வாங்குங்கள். சிறிய குளிர்சாதனப் பெட்டியானால், பின்புறம் வெப்பம் வெளியேற இடைவெளி விடுவதோடு, வாவி மீனை நாட்கணக்கில் வைப்பவர்கள் உறைபெட்டிக்குத் தனிக்கதவு உள்ளதையே தேடுவது நல்லது.