வெளியூர்க் கருத்தரங்குக்குச் செல்லும் ஆசிரியர்களுக்கு

வெளியூரில் நடைபெறும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கச் செல்லும் ஆசிரியர்கள், புறப்படுவதற்கு முன்பே திரையில் காட்டவிருக்கும் தங்கள் படவில்லைகளைப் (ஸ்லைடுகளை) பிடிஎஃப் கோப்பாகவும் மாற்றி வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. நாம் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அரங்கிலுள்ள கணினியில் இல்லாவிட்டால், குறிப்பாக அது ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவாக இருந்தால், திரையில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறியீடுகளே தோன்றும். எழுத்துரு உட்பொதிக்கப்பட்ட, அதாவது கோப்புக்குள்ளேயே சேர்த்து வைக்கப்பட்ட, பிடிஎஃப் கோப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அக்கோப்பைப் பென் டிரைவில் ஒரு படியும் மின்னஞ்சலில் ஒரு படியுமாக வைத்திருங்கள். அமர்வு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே சென்று, அங்குள்ள கணினியில் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு 15 நிமிடம் ஒதுக்கியிருந்தால், 12 நிமிடத்துக்குள் முடியும்படி வீட்டிலேயே கடிகாரம் வைத்து வாசித்துப் பழகுங்கள். ஏனெனில் முன்னால் பேசுபவர்கள் நேரத்தை மீறும்போது, பின்னால் வாசிப்பவரின் நேரமே பெரும்பாலும் குறைக்கப்படுகிறது. மாதக்கணக்கில் உழைத்துக் கண்ட முடிவைச் சொல்லாமலேயே மேடையை விட்டு இறங்க நேர்வது உண்மையிலேயே வேதனையானது.

சான்றிதழைப் பெற்றதும் பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதி ஆகியவற்றை அங்கேயே சரிபாருங்கள். ஊர் திரும்பிய பின் திருத்தம் கேட்டுப் பெறுவது எளிதன்று.