பழைய லாண்ட்றோவரின் பின் ஸ்பிரிங்: இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும் விதம்

திருகோணமலையில் ஒரு பழைய ஜீப்புக்குக் கீழே படுத்துப் பாருங்கள். செசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஓரளவு தேறும். ஸ்பிரிங் போல்ட்டைச் சுரண்டினால் துரு பிட்டு மாதிரி உதிரும். படகு ட்ரெய்லரைக் கடலுக்குள் தள்ளுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கீழே உள்ளது 1971 முதல் 1985 வரை வந்த சீரீஸ் 3 லாண்ட்றோவருக்கான முறை.

இறுகுவது மரை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிடித்துக்கொள்வது போல்ட்டின் தண்டு. போல்ட்டைச் சுற்றி இருக்கும் றப்பர் உறைதான் புஷ்; அதன் நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு அது துருவில் ஒட்டிவிடும். அங்கே எண்ணெய் இறங்குவதே கஷ்டம். ஆகவே போல்ட்டும் புஷ்ஷும் போனால் போகட்டும், செசி தப்பினால் போதும் என்ற கணக்கில் இறங்குங்கள். ஒரு பக்கத்துக்கு போல்ட் 3, லொக் நட் 3, புஷ் 3, ஷெக்கிள் தகடு (ஸ்பிரிங்கின் பின் முனையைச் செசியோடு இணைப்பது) ஒரு சோடி, யூ போல்ட் (ஸ்பிரிங்கை அச்சோடு பிடிப்பது) 2 முதலே வாங்கி வையுங்கள்.

மூன்று நாளுக்கு முன்பே வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டோமெற்றிக் கியர் ஒயிலும் (ATF) அசற்றோனும் சரிபாதி கலந்து காலையும் மாலையும் விடுங்கள். இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும்.

முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை, பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டில் பிடிக்கிறது. ஒரு பின் சில்லு தூக்கினாலே வண்டி உருளும். செசிக்குக் கீழே ஸ்டாண்ட், அச்சுக்குக் கீழே ஜக். மணல் முற்றமாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடாமல் கீழே போகாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம்.

யூ போல்ட்டுகளை வெட்டி எறியலாம், திரும்பப் பூட்டக் கூடாதவை.

ஷெக்கிளில் நட்டைக் கழற்றியதும் சுத்தியலை எடுக்காதீர்கள். போல்ட் உள்பக்கத் தகட்டின் மரையிலும் பூட்டப்பட்டிருக்கிறது, அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும். ஆறு முனை சொக்கெட்டும் நீளமான பைப்பும் போட்டு, முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். தலை கால் சுற்றுத் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வருகிறதா? றப்பர் முறுகித் திரும்புகிறது. உள்குழாய் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். இனிப் பலம் காட்டினால் தலை முறியும்.

அப்போது வெட்டுவதுதான் வழி. எண்ணெயைத் துடைத்துக் காயவிட்டு, 1 மில்லிமீற்றர் டிஸ்க் போட்ட கிறைண்டரால் ஸ்பிரிங் கண்ணுக்கும் (போல்ட் நுழையும் முனை வளையம்) தகட்டுக்கும் இடையில் இருபுறமும் வெட்டுங்கள். டிஸ்க் சரிந்தால் உடைந்து பறக்கும், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பின்னால் எரிபொருள் டாங்கி உள்ள 109 (109 அங்குல நீள வண்டி) என்றால் பொறி வேண்டாம், கையால் ஹெக்சோ போதும். முன் கண்ணில் வெட்டு செசி பிராக்கெட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செசிக்குள் இருக்கும் புஷ்தான் பொறுமையைச் சோதிக்கும். நெருப்பு வைத்து றப்பரை எரிப்பவர்கள் உண்டு. புகை நஞ்சு, பக்கத்தில் பிரேக் குழாய். 6 மில்லிமீற்றர் பிட்டால் றப்பரைச் சுற்றித் துளைத்து நடுக்குழாயைத் தட்டி எடுங்கள். ஹெக்சோ பிளேட்டை உள்ளே விட்டு வெளிக்கூட்டை நீளவாக்கில் அறுங்கள். கூட்டின் உலோகத்தைத் தாண்டியதும் ஒரு துருக்கோடு தெரியும். அங்கே நிறுத்துங்கள், அதற்கப்பால் செசி. அரை அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு போட்டு, நடுத்துண்டை உளியால் உள்ளே மடித்தால் கூடு சுருங்கி வந்துவிடும்.

புதிய போல்ட்டின் தண்டில் செப்புக் கிறீஸ் பூசி, நட்டைக் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். சில்லைப் பூட்டி, ஜக்கை இறக்கி, வண்டியை நாலைந்து தடவை அமுக்கிய பிறகே முழு இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் வண்டி நிலத்தில் நிற்கிற நேரமெல்லாம் றப்பர் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். ஒரு கிழமை ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.