ஆஞ்சியோவுக்குப் போகும் முன்பே ஸ்டென்ட் பற்றிப் பேசிவிடுங்கள்

ஆஞ்சியோ, அதாவது இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, நடக்கும்போதே வெளியே நிற்கும் மகனையோ மனைவியையோ உள்ளே கூப்பிட்டு, திரையில் ஒரு இரத்தக்குழாயைக் காட்டி, "எண்பது சதவீதம் அடைப்பு, இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?" என்பார்கள். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது, "நீங்க பார்த்துச் செய்யுங்க டாக்டர்" என்பதைத் தவிர வேறென்ன வாயில் வரும்? அதனால் இந்தப் பேச்சை முன்னாடியே ஓபியில் முடித்துவிடுங்கள்.

மாரடைப்பு என்றால் இதெல்லாம் பொருந்தாது, அப்போது ஸ்டென்ட் உயிரைக் காக்கும், யோசிக்கவே கூடாது. நான் சொல்வது, மாடி ஏறினால் நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் விட்டுவிடுகிற, பல மாதமாக ஒரே மாதிரி இருக்கும் வலியை. 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் இப்படி 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். முதலிலேயே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ததால், மருந்தோடு தொடங்கியவர்களைவிட அவர்களுக்குச் சாவு குறையவில்லை, ஆனால் அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இதயத்தின் இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை, அதனால் அவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

பெரும்பாலான டாக்டர்கள் உங்களோடு கலந்து முடிவெடுக்க மாட்டேன் என்பவர்கள் இல்லை. வெளியே கூட்டம் நிற்கிறது, நீங்களும் தலையாட்டுகிறீர்கள், சரி, இவருக்கு நம் முடிவே போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். "உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்பதும் பாரத்தை அவர் தலையிலேயே வைப்பதுதான். அதைவிட உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள்: "தினமும் மூணு மாடி ஏறணும் டாக்டர், மருந்தை மட்டும் கூட்டிப் பார்த்தா முடியுமா? ஸ்டென்ட் வெச்சா எனக்கு ஆயுசு கூடுமா, வலி மட்டும் குறையுமா? ரெண்டு வாரம் யோசிச்சா ஆபத்தா?" மரியாதையாகக் கேட்ட இந்தக் கேள்விக்கே எரிந்து விழுந்தால், தயங்காமல் வேறு டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் சம்மதப் படிவம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இரண்டுக்கும் சேர்த்தே ஒரே படிவத்தில் கையெழுத்து வாங்கலாம். ஆகவே 'ஆஞ்சியோபிளாஸ்டி' (அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். வேண்டாமென்றால் அதை அடித்துவிட்டு, "ஆஞ்சியோ மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், டாக்டரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் ஆஞ்சியோ படம் பதிந்த சிடியையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அந்த சிடி கையில் இருந்தால் இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டிக் கேட்க மறுபடி ஆஞ்சியோ செய்ய வேண்டியிருக்காது.