நிறத்தை விடுங்கள், தொப்புளைப் பாருங்கள்

பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ கரையோரம் நடந்தால், வழவழப்பான உருண்டை ஓடு ஒன்று கண்ணில் படும். நிலா நத்தையின் ஓடு. என்ன வகை என்று கேட்டால் பலரும் நிறத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வெயிலில் கிடந்து வெளுத்த பழுப்பு ஓட்டைப் பார்த்து, வெள்ளை வகை என்று சாதிப்பவர்கள் உண்டு.

கூம்பு மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி ஓட்டைப் பிடியுங்கள். வாய்க்கு இடப்புறம், உள்ளுதட்டை ஒட்டி இருக்கும் குழிதான் தொப்புள். அதன்மேல் மெழுகு வழிந்து உறைந்ததுபோல ஒரு தடிப்பு இருக்கும். அடையாளம் முழுக்க அங்கேதான்.

தடிப்பின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடி அதை இரண்டு மடலாகப் பிரித்தால், அது நெவெரிட்டா டிடைமா. ஓடு அகலமாக, கூம்பு அதிகம் எழும்பாமல் இருக்கும். மணலைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் நகத்தால் மெல்லத் தடவுங்கள். ஓரளவு தேய்ந்த ஓட்டிலும் பள்ளம் நகத்தில் தட்டும். தடிப்பு தொப்புளை முழுவதுமாக அடைத்து, ஓடு முட்டை வடிவில் பால்வெள்ளையாக இருந்தால் பாலினைசஸ் மாமில்லா. இதற்கு வெண்மை பிறவி நிறம்.

ஓடு புதிதாக இருந்தால் மட்டும் நிறத்தையும் சாட்சிக்கு அழைக்கலாம். வரிசையாகப் புள்ளிகள் என்றால் நாட்டிகா டைகிரினா. மெல்லிய நெளிகோடுகள் என்றால் டேனியா லீனியேட்டா.

கரைவலையில் வந்த ஓட்டில் சில சமயம், நத்தை உள்ளே போனதும் வாயை அடைக்கும் மூடியும் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். நெவெரிட்டாவுக்கும் பாலினைசஸுக்கும் மூடி பழுப்பாக, நகம்போல வளைந்துகொடுக்கும். நாட்டிகா, டேனியா இரண்டுக்கும் வெள்ளையாக, சுண்ணாம்புக் கெட்டியாக இருக்கும்.

பக்கத்தில் கிடக்கும் மட்டி ஓடுகளையும் புரட்டுங்கள். இந்த நத்தை இரையைப் பாதத்தால் சுற்றிப் பிடித்து, அமிலச் சுரப்பால் ஓட்டை இளக்கி, நாக்கால் சுரண்டித் துளைக்கும். வெளியே அகன்று உள்ளே குறுகும் வட்டத் துளை அதன் கைவரிசை. மட்டிகளைத் துளைக்கும் முள்சங்கு இனங்களும் உண்டு; அவற்றின் துளை பெரும்பாலும் நேராக இறங்கும். ஆனால் எந்த நிலா நத்தை துளைத்தது என்பதைத் துளையை வைத்துச் சொல்ல முடியாது.

எடுத்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஓட்டுக்குள் செருகிவையுங்கள். டைகிரினாவை இப்போது பாராடெக்டோநாட்டிகா என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். பழைய நூல்களில் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.